ஏலத்தில் எடுத்த பாழடைந்த வீட்டைக் குடும்பமாகச் சேர்ந்து சீரமைக்க: முழுமையான வழிகாட்டி

கடனைக் கட்ட முடியாமல் போய், வங்கி பூட்டி, நெடுநாள் ஆளில்லாமல் கிடந்து, பிறகு ஏலத்துக்கு வரும் வீட்டுக்கென்று ஒரு வாடை உண்டு. வற்றிய கழிவுக்குழாய், எலிப்புழுக்கை, ஓதம் ஏறிய சுவர், திறக்காத ஜன்னல் எல்லாம் கலந்த வாடை அது. அப்படி ஒரு வீட்டை எடுத்து, அப்பா, அண்ணன், அண்ணி, தாய்மாமா, என் மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள் என்று வீட்டாரே சேர்ந்து, பதினான்கு மாதங்கள் சனி ஞாயிறுகளில் வேலை செய்து குடியேறினோம்.

எங்கள் முதல் வேலையே தவறாகப் போயிற்று. ஆசை பொறுக்காமல் முன்னறைக்கு முதலில் வண்ணம் அடித்துவிட்டோம். மூன்றே வாரத்தில் கூரையோரமாகக் கொப்புளம் கட்டி உரிந்து தொங்கியது. மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் குழாய் அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. அண்ணி இரண்டு நாள் நின்று தேய்த்துப் பூசிய சுவர் அது. அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எதை முதலில் செய்வது என்பதைத் தண்ணீரின் போக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு வேகமாகச் செய்வது என்பதைக் கூட நிற்பவர்களின் உடம்பையும் மனசையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் வைத்தே எழுதியது.

படி 1: சாவி கைக்கு வருமுன்

இத்தகைய வீடுகள் பெரும்பாலும் "உள்ளது உள்ளபடி" விற்கப்படுகின்றன. சுவருக்குள் என்ன இருந்தாலும், பின்னால் எது தெரியவந்தாலும், விற்றவரிடம் போய் நிற்க முடியாது என்பதுதான் அதன் பொருள். எனவே உரிமைப் பத்திரம், வில்லங்கம், வீட்டு வரி, தண்ணீர், மின்சார நிலுவை ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா, இருந்தால் அவர்களை வெளியேற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

உள்ளே விடவில்லை என்றால் வெளியிலிருந்தே நிறையப் பார்க்கலாம். சுவரில் செடி முளைத்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் உடைந்து சுவரோரம் பச்சை படிந்திருக்கிறதா, மின் மீட்டர் இருக்கிறதா, கூரை விளிம்பு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது பக்கத்து வீட்டாரிடம் கேட்ட ஒரு கேள்வி: "மழை வந்தா இந்த வீட்டில தண்ணி எங்க நிக்கும்?" பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில், பின்னால் ஒரு மாத வேலையைத் தீர்மானித்தது.

சீரமைப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். உடைத்த பிறகே தெரியவரும் சேதத்துக்கான பணம் அது. பூட்டிய வீட்டில் அப்படி ஒன்று இல்லாமல் இருக்காது.

படி 2: திறக்கும் நாள்

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். குளியலறை, கழிப்பறைக் குழாய்களின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆளில்லாத வீட்டில் அது ஆவியாகிப் போயிருக்கும். உள்ளே போனதும் ஒவ்வொரு தரைவடிகாலிலும், கழுவுதொட்டியிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே வாடை பாதி அடங்கிவிடும். எரிவாயு இணைப்பு இருந்தால் அதன் வால்வை மூடுங்கள். மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலி கடித்த கம்பி எந்தச் சுவருக்குள் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

பூட்டுகளை அன்றே மாற்றுங்கள். எதையும் நகர்த்துமுன் எல்லா அறைகளையும் படம் எடுங்கள். காப்பீடு எடுப்பதானால், ஆளில்லாத வீட்டுக்கும் வேலை நடக்கும் வீட்டுக்கும் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம் என்பதால் உண்மை நிலையைச் சொல்லியே எடுங்கள்.

சுத்தம் செய்யும்போது உயிருக்கு ஆபத்தான சில தவறுகள் நடக்கின்றன. எலி, வௌவால் எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். கிருமிநாசினி கலந்த தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுத் துடைத்தெடுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ, நெடுநாள் மூடிக் கிடந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ வீட்டார் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

பழைய பெயின்ட்டிலும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்கா 1978-லேயே தடை செய்தது. பல நாடுகள் வெகு பின்னால்தான் அந்த வழிக்கு வந்தன. பழைய வீடு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போடாதீர்கள். நனைத்துத் தேய்த்து, சேற்றைத் திரட்டி எடுங்கள். சிறு பிள்ளைகளும் கருவுற்றவர்களும் அந்த நாட்களில் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரைத்தகடு இருந்தால் அதை உடைக்கவோ துளைக்கவோ அறுக்கவோ கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.

இன்னொன்று. இது யாரோ இழந்த வீடு. எங்களுக்கு அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ்களும் ஒரு கட்டு குடும்பப் படங்களும் கிடைத்தன. குப்பையோடு போட மனம் வரவில்லை. வங்கி வழியாகச் சொல்லியனுப்பி, அவர்கள் வந்து வாங்கிப் போகும்வரை உலர்ந்த பெட்டியில் வைத்திருந்தோம். தட்டுமுட்டுச் சாமான்களை அப்புறப்படுத்துவதற்கும் சில இடங்களில் சட்டப்படி அறிவிப்பு தர வேண்டியிருக்கும், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

படி 3: ஒரு வாரம் வீட்டைப் பார்ப்பது

சுத்தியலைத் தூக்குமுன் ஒரு வாரம் பார்ப்பதற்கு மட்டும் கொடுங்கள். குறிப்பேடு, பென்சில், டார்ச், ரசமட்டம், திருப்புளி, ஒரு நாணயம் போதும்.

நாணயத்தால் பூச்சையும் தரை ஓடுகளையும் தட்டிக்கொண்டே போனார் மாமா. கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தில் ஓசை அடங்கி வரும். விட்டுப்போன இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டியது போல் கேட்கும். "இங்க காத்து நிக்குது மாப்ளே" என்று அவர் சொன்ன இடத்தையெல்லாம் நான் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டேன். எந்தப் பூச்சை உடைப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு அன்று மாலையே விடை கிடைத்துவிட்டது. பாதிச் சுவர்களை நாங்கள் தொடவே வேண்டியிருக்கவில்லை.

விரிசல்களில் மெல்லிய மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் பூச்சுக்குள் நிற்பவை. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது, ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் சாய்ந்து ஏறுவது, சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது, கதவை இறுக்குவது ஆகியவற்றுக்குக் கட்டடப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். எல்லா விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் வீடு இன்னும் நகர்கிறது என்று பொருள். நகர்வு நிற்காமல் பூசிய பூச்சு நிற்காது.

கூரைத்தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றும் ஈரமும் வருடக்கணக்கில் ஊறிப் போகும்போது அந்தக் காப்பு போய்விடுகிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த விரிவுதான் காரையை உதைத்துத் தள்ளுகிறது. எனவே பெயர்ந்த இடத்தில் மேலோடு சிமென்ட் அப்பி மூடுவது நோயை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம். தளர்ந்த காரையை முழுக்க எடுத்து, கம்பியைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பழுதுபார்ப்புக்கென்றே வரும் பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் அது பொறியாளர் வேலை. அவர் வரும்வரை கீழே முட்டுக் கொடுத்து வையுங்கள்.

சுவர் ஈரத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு. மேலிருந்து ஒழுகுவது மழை பெய்ததும் பெரிதாகும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் ஒரே கோடாக நிற்கும். மேல் விளிம்பில் உப்புப் பூத்திருக்கும். மூன்றாவது, அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. முன்பக்கம் கோத்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை.

மரத்தில், கதவு நிலையின் அடிப்பகுதியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்கும்; திருப்புளி அரை விரல் உள்ளே இறங்கும். சுவரில் கரையான் மண்கோடு கண்டால் உடனே கலைக்காதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர அந்தக் கோடே வழிகாட்டி.

குழாய்களுக்கு: எல்லாத் திருகுகளையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லையென்றால் மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்துப் பார்க்கலாம். நெடுநாள் குழாயில் நின்ற வெதுவெதுப்பான தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரக்கூடும். ஷவர் முகப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை நன்றாக ஓடவிடுங்கள்; தெறிக்கும் நுண்துளிகளைச் சுவாசிக்காதீர்கள்.

படி 4: யாருக்கு என்ன வேலை

வீடு கெட்டதைவிட உறவு கெட்டுப்போனதாகத்தான் இத்தகைய முயற்சிகளைப் பற்றி அதிகம் கேள்விப்படுகிறோம். அதனால் இந்தப் பகுதியை மற்றதைவிடக் கவனமாகப் படியுங்கள்.

முதலில் பணம். அண்ணன் கொடுத்தது கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்கா? முதல் செங்கல்லை நகர்த்துமுன் இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். எழுதும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சு எழவில்லை.

அடுத்தது, முடிவு எடுப்பவர் யார் என்பது. உழைப்பவர் எல்லோருக்கும் கருத்து இருக்கும், இருக்கத்தான் வேண்டும். கட்டமைப்பு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றில் பொறியாளரின் சொல் கடைசி. மற்றவற்றில், அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களின் சொல் கடைசி. இதை முதல் நாளே எல்லோர் முன்னும் சொல்லிவிட்டோம்.

வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுதாகக் கொடுங்கள். "அதை எடு, இதைப் பிடி" என்று நாள் முழுக்க ஏவப்படுகிறவர் மூன்றாம் வாரம் வர மாட்டார். "பின்னறை ஜன்னல்கள் மூன்றும் உங்கள் பொறுப்பு, தேய்ப்பதிலிருந்து வார்னிஷ் வரை" என்றால், அவர் வீட்டிலிருந்தே அதைப் பற்றி யோசித்துக்கொண்டு வருவார். எழுபதைத் தாண்டிய அப்பாவுக்கு ஏணி ஏற முடியாது. குறிப்பேடும் கணக்கும் பொருள் வாங்குவதும் அவரிடம் போயின. எந்தச் சிமென்ட் மூட்டை எந்தத் தேதியில் வந்தது, எந்தச் சுவர் என்று பூசியது, என்று தண்ணீர் ஊற்றியது என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. எங்கள் வேலையைக் காப்பாற்றியதே அந்தக் குறிப்பேடுதான். பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பழைய கதவுக் கொண்டிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு நீக்கும் வேலை. ஒரு பெட்டி நிறையச் சுத்தம் செய்து வைத்தாள். இன்றும் அவைதான் எங்கள் ஜன்னல்களில் இருக்கின்றன.

வீட்டாரே செய்யத்தக்கவை: குப்பை அள்ளுதல், தளர்ந்த பூச்சு உடைத்தல், பெயின்ட் சுரண்டுதல், பட்டி பூசுதல், வண்ணம் அடித்தல், தோட்டம், கொண்டி தாழ்ப்பாள், பூசிய சுவருக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுதல். ஆள் வைத்தே செய்ய வேண்டியவை: மின்சாரம், எரிவாயு, பாரம் தாங்கும் எதையும் தொடுவது, உயரக் கூரை, கரையான் மருந்து. எந்தச் சுவரையும் பொறியாளர் பார்க்காமல் எடுக்காதீர்கள். மெல்லிய தடுப்புச் சுவர் என்று நினைப்பது மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம் போதும். மாலையில் களைத்த பிறகு நடக்கும் வேலையில்தான் விரல் நசுங்குகிறது, ஏணி சரிகிறது. ஏணியைச் சாய்க்கும்போது நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் அடிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும்; கீழே ஒருவர் பிடித்தபடி நிற்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகாத நாளாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அறையை மட்டும் சுத்தமாக்கி, உட்காரவும் கை கழுவவும் சற்றுப் படுக்கவும் ஏற்பாடு செய்து, அங்கே சுத்தியலும் தூசியும் நுழையாமல் காப்பாற்றுங்கள்.

படி 5: வேலை வரிசை

மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே, ஈரத்திலிருந்து உலர்வுக்கு. இதை மாற்றினால் செய்ததையே மறுபடி செய்ய நேரிடும்.

கூரையில் தொடங்குங்கள். மழைநீர்க் குழாய்களைத் திறந்து, உடைந்த ஓடுகளை மாற்றி, சுவரில் முளைத்த செடிகளை வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் வேர் உள்ளே தடித்து மறுபடி வரும். மொட்டைமாடி என்றால் தண்ணீர் குழாயை நோக்கி ஓடும் அளவுக்குச் சரிவு வேண்டும். 100-க்கு 1 என்பது குறைந்த அளவு. நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் குழாய்களை அடைத்து 25 மில்லிமீட்டர் தண்ணீர் கட்டி இரண்டு நாள் பாருங்கள். அதற்குமுன் தளம் பலமானது என்று பொறியாளர் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிறு ஆழமே ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. 100 சதுர மீட்டர் மாடியில் இரண்டரை டன்.

பிறகு வீட்டைச் சுற்றிய தரை. சுவரைவிட்டு வெளிப்பக்கம் தண்ணீர் ஓடும்படி மண்ணைச் சரித்து, சுவரோரம் குவிந்த மண்ணை எடுங்கள். எங்கள் வீட்டில் பின்சுவரின் பாதி ஓதம், மண்வெட்டியோடு அண்ணன் செய்த இரண்டு நாள் வேலையிலேயே நின்றுபோனது.

அதற்கடுத்து வருவது காத்திருப்பு. ஒழுகல் நின்றாலும் சுவர் உடனே உலராது. 25 மில்லிமீட்டர் தடிமன் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது நெடுநாள் கணக்கு. கெட்ட பூச்சை எடுத்துவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, ஜன்னலைத் திறந்து விடுங்கள். உப்பைத் தண்ணீரால் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். இந்த மாதங்களில் பொறுமை இழந்துதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தைக் கதவு ஜன்னல் வேலைக்கு வைத்துக்கொண்டோம். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்றால் சிமென்ட் பூச்சு போடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஏற்றது. பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ளவர்களை அழையுங்கள். ஊறிப்போன பலகையையும் மெத்தையையும் துடைத்துப் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

சுவர் திறந்திருக்கும்போதே மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் பதிக்க வேண்டும். பழைய கம்பியை வைத்துக்கொள்ள நினைத்தால், 500 வோல்ட் சோதனைக் கருவியில் காப்புத் தடை (கம்பியின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவு) குறைந்தது 1 மெகாஓம் வருகிறதா என்று மின்பணியாளர் பார்க்க வேண்டும். எர்த் இணைப்பைப் புதிதாகப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம். மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும் நாளில் நன்றி சொல்வீர்கள். குழாய்களில் அழுத்தச் சோதனை முடியாமல் ஓடு பதிக்க விடாதீர்கள்.

பூச்சு வேலையில் கொத்தனாரோடு ஒருவர் கூட இருங்கள். கலவையில் தண்ணீர் சேர்த்த அரை மணிக்குள் பயன்படுத்த வேண்டும். இறுகத் தொடங்கியதை மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பலம் போய்விடும். பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்கு வந்த ஆள் இதைச் செய்ய மாட்டார், அடுத்த வாரம் அவர் வேறு வீட்டில் இருப்பார். வீட்டார் உதவி பொன்னாகும் இடம் இதுதான். அண்ணியும் என் மனைவியும் காலை மாலை முறை வைத்து வந்து நனைத்தார்கள். அந்தச் சுவர்களில் இன்றுவரை ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

தரை, மரவேலை, வண்ணம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுப் பூச்சுக்கு 28 நாள் கொடுத்துவிட்டுப் பிரைமர், பிறகு இரண்டு கை வண்ணம். இந்தக் கட்டத்தில் எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள், வேலை தானே ஓடும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் ஓடு, அலமாரி, விளக்குகள் ஆகியவற்றில் குறையுங்கள். கம்பி, குழாய், நீர்த்தடுப்பு ஆகியவற்றில் குறைக்காதீர்கள். சுவருக்குள் போவதை மாற்ற மறுபடி சுவரை உடைக்க வேண்டும்.

படி 6: குடியேறிய பிறகு

மேல்தொட்டியைக் கழுவி, கிருமிநீக்கம் செய்து, குடிநீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கசிவுப் பாதுகாப்பு சுவிட்சின் சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பென்சில் கோடுகளின் மேல் வண்ணம் அடித்திருந்தால், விரிசல் இருந்த இடங்களில் அதே தேதியோடு மறுபடி கோடிடுங்கள். ஒரு முழு வருடம், எல்லாப் பருவமும் வந்துபோகும்வரை, குறிப்பேட்டை மூடாதீர்கள்.

முதல் பெருமழை வரும் இரவில் டார்ச்சோடு எல்லா அறைகளையும் சுற்றி வாருங்கள். கூரை மூலைகள், ஜன்னலின் அடி விளிம்பு, குழாய் சுவருக்குள் நுழையும் இடம், மாடிப்படி ஓரம். எங்கள் குறிப்பேட்டில் அந்த இரவுக்கான பக்கத்தில் அப்பா எழுதியிருப்பது இவ்வளவுதான்: "முன்னறைக் கூரை உலர்ந்திருக்கிறது. மாடிப்படி ஓரம் ஒரு சொட்டு. காலையில் பார்க்க வேண்டும்."